முடிந்தது உத்தரவா, குற்றமா?

"உத்தரவுதான் முடிந்துபோயிற்றே, இனிமேல் என்ன புகார்?"

குடும்ப வன்முறையால் துன்புற்று, நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு பெற்று, பின்னர் எக்காரணத்தாலோ அவ்வுத்தரவு நடப்பில் இல்லாது போன பெண்களிடம் கேட்கப்படும் கேள்வி இது. காவல் நிலையத்தில் கேட்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள். பங்குப் பேரவையிலும், அன்பியக் கூட்டத்திலும், சில வேளைகளில் பங்குத்தந்தை இல்லத்துத் திண்ணையிலும் இதே கேள்வி இதே தொனியில் எழுகிறது என்பதுதான் நம் வருத்தம். கேட்போர் பலரும் தீய மனத்தினர் அல்லர். குடும்பம் சிதையக்கூடாது என்ற நல்லெண்ணம் அவர்களுக்கு உண்டு. ஆயினும் கேள்வி தவறானது. நாட்டின் சட்டப்படியும் தவறு; திருச்சபை கற்பிக்கும் ஒப்புரவின்படியும் தவறு. இதை மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை.

ஒரு நிகழ்வைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நம் பகுதியில் வாழ்வோர்க்கு அது கற்பனையாகத் தோன்றாது. கரிவலம்வந்தநல்லூரில் பிறந்து சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண். கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான். பொறுத்துப் பார்த்துவிட்டு, இரு பிள்ளைகளோடு தாய்வீடு திரும்புகிறாள். அருகிலுள்ள தறிக்கூடத்தில் வேலைக்குப் போகிறாள். சங்கரன்கோவில் நடுவர் மன்றம் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வழங்குகிறது: அவன் அவளை அடிக்கக்கூடாது, வேலைசெய்யும் இடத்திற்குப் போகக்கூடாது, தொலைபேசியிலும் தொந்தரவு செய்யக்கூடாது. ஆடித்தபசுக்கு முந்தின இரவு அவன் கரிவலத்திற்கு வந்து கதவை உதைக்கிறான். தடுக்க வந்த மாமியாரைக் கீழே தள்ளுகிறான். ஐப்பசி மழையில் தறிக்கூட வாசலில் நின்று வசைபாடுகிறான். கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி ஒரே இரவில் எத்தனையோ அழைப்புகள், மிரட்டல்கள். அவள் அப்போது புகார் செய்யவில்லை. தவக்காலம் வருகிறது. பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். அவன் அழுகிறான். அவள் மனுவைத் திரும்பப் பெறுகிறாள். மனு போனதும் அதைப் பற்றி நின்ற இடைக்கால உத்தரவும் போகிறது. பாஸ்கா முடிந்து மூன்றாம் வாரம் மறுபடியும் அடி.

இப்போது அவள் நிலையத்திற்குச் செல்கிறாள். இந்த அடியை மட்டும் அன்று, ஆடித்தபசு இரவையும், தறிக்கூட வாசலையும், கைப்பேசியில் இன்னும் அழியாது கிடக்கும் மிரட்டல்களையும் சொல்கிறாள். பதில் வருகிறது: "அந்த உத்தரவுதான் இப்போ இல்லையேம்மா. இல்லாத உத்தரவை அவன் எப்படி மீறுவான்?"

கேட்பதற்குத் தர்க்கம் போல் இருக்கிறது. உண்மையில் இதில் காலம் தலைகீழாய் நிற்கிறது. அவன் கதவை உதைத்த இரவில் உத்தரவு இருந்தது. மீறல் அந்த இரவிலேயே முழுமை அடைந்துவிட்டது. பிற்பாடு உத்தரவு நீங்கியதால் நின்றுபோவது இனிமேல் வரும் நாள்களுக்கான தடை மட்டுமே.

வேறோர் உத்தரவை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். 2020இல் கொரோனா நோய்ப் பரவலை ஒட்டி ஊரடங்கு விதிக்கப்பட்டது. மீறியோர்மீது தமிழகமெங்கும் இலட்சக்கணக்கில் வழக்குகள் பதியப்பட்டன. ஊரடங்கு தளர்ந்தது, கடைகள் திறந்தன, பேருந்துகள் ஓடின. வழக்குகள் தாமாக மறைந்தனவா? இல்லை. 2021 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி அவர்கள் நம் தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரில் நின்று, அவ்வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. உத்தரவு முடிந்தால் மீறலும் முடியும் என்பது உண்மையானால் அந்த அறிவிப்புக்குத் தேவையே இருந்திராது. வாகனத்தில் வெளியே வந்ததற்காக ஓர் இளைஞன்மீது பதிந்த வழக்கு உத்தரவு நீங்கிய பின்னும் நிற்கலாமாம். நள்ளிரவில் கதவை உதைத்தவன்மீது மட்டும் நிற்கலாகாதாம்! இந்த வேறுபாட்டை யார் கற்பித்தது?

சட்டத்தையே பார்ப்போம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடப்புக்கு வந்தது. அதன் 31ஆம் பிரிவு, பாதுகாப்பு உத்தரவை மீறுவதைத் தனிக் குற்றமாக வைக்கிறது. இடைக்கால உத்தரவை மீறுவதும் அவ்வாறே. ஓராண்டுவரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 32ஆம் பிரிவின்படி இது காவல்துறை நேரே நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம். பிணையில் விடுவது உரிமையாகாத குற்றம். பாதிக்கப்பட்டவளின் சாட்சியம் ஒன்றை மட்டும் கொண்டே குற்றம் நடந்ததென்று நீதிமன்றம் முடிவுசெய்யலாம் என்றும் அப்பிரிவு கூறுகிறது. வீட்டுக்குள் நடப்பதற்கு வேறு யார் சாட்சி வருவார் என்று சட்டம் இயற்றியோர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: மீறல் வழக்கை, இயன்றவரை, உத்தரவு வழங்கிய அதே நடுவரே விசாரிக்க வேண்டும். நீதிமன்றம் தன் சொல் மதிக்கப்பட்டதா என்று தானே கேட்டறிகிறது. அந்தக் கேள்விக்கான பதிலை மனைவியும் கணவனும் வீட்டில் சமாதானமானதைக் கொண்டு நாம் முன்கூட்டியே எழுதிவிட முடியாது.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இத்தகைய உத்தரவுகள் ஓராண்டு, ஈராண்டு என்று தவணையோடு வருகின்றன. தவணைக்குள் நடந்த மீறலுக்குத் தவணை முடிந்தபின்னும் அங்கே வழக்கு உண்டு. நம் நாட்டுச் சட்டமோ, 18ஆம் பிரிவின்கீழ் வழங்கும் இறுதி உத்தரவுக்குத் தவணையே வைக்கவில்லை. பாதிக்கப்பட்டவள் தானே நீக்கக் கோரும்வரை அது நடப்பில் இருக்கும் என்கிறது 25ஆம் பிரிவு. சூழ்நிலை மாறினால் இருவரில் எவர் விண்ணப்பித்தாலும் நடுவர் காரணம் எழுதி மாற்றலாம், நீக்கலாம். ஆக, நம்மூரில் உத்தரவுகள் பெரும்பாலும் தாமாக முடிவதில்லை, முடிக்கப்படுகின்றன. வாய்தாவுக்குப் போகப் பேருந்துக் காசில்லாமல் மனு தள்ளுபடி ஆகிறது. அல்லது அவளே திரும்பப் பெறுகிறாள். திரும்பப் பெறச் சொன்னது யார் என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம்.

உச்ச நீதிமன்றத்தின் போக்கும் இதற்கு இசைந்ததே. மணமுறிவு ஏற்பட்ட பிறகும், மணவாழ்வின்போது இழைத்த வன்முறைக்கான பொறுப்பிலிருந்து கணவன் விடுபட மாட்டான் என்று 2014இல் ஒரு வழக்கில் அது தீர்ப்பளித்தது. தாலி அறுந்தாலும் அழியாத பொறுப்பு, தாள் ஒன்று செயலிழந்ததால் அழிந்துவிடுமா? தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கு இன்னும் நெருக்கமானது. கணவன் வீட்டைவிட்டு வந்து நெடுங்காலம் கழித்து ஒரு பெண் பாதுகாப்புக் கோரி மனுச் செய்தாள். ஓராண்டுக் காலவரம்பு கடந்துவிட்டது என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வழக்கை நீக்கியது. 2022 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை விலக்கிற்று. பாதுகாப்புக் கோரும் மனுவுக்கு அந்த ஓராண்டு வரம்பு பொருந்தாது. உத்தரவை மீறிய குற்றம் நிகழ்ந்தால் அந்நாளிலிருந்துதான் வரம்பு எண்ணப்படும் என்பது அதன் முடிவு.

இத்தீர்ப்பில் நம் பெண்களுக்கு ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. மீறலுக்கான தண்டனை ஓராண்டைத் தாண்டாதது. அத்தகைய குற்றத்தை ஓராண்டுக்குள் நீதிமன்றத்தின்முன் கொண்டுவர வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறை விதி. பழைய சட்டத்தில் 468ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514ஆம் பிரிவு. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் இதுவே. உத்தரவு முடிந்த நாளுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஒவ்வொரு மீறலுக்கும் அது நடந்த நாளிலிருந்து தனித்தனியே ஓராண்டு. புகாரைத் தாக்கல் செய்த நாள்தான் கணக்கு, நடுவர் அதைக் கையிலெடுத்த நாள் அன்று என 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தெளிவாக்கியுள்ளது. தாமதத்திற்குத் தக்க காரணம் இருந்தாலோ, நீதியின் பொருட்டுத் தேவை என்றாலோ, வரம்பு கடந்தும் ஏற்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு. எனவே, "உத்தரவு போயிற்று, வீட்டுக்குப் போ" என்று அவளைத் திருப்பி அனுப்புகிறவர், அவளுக்கு உள்ளபடியே இருக்கும் ஓராண்டில் ஒரு மாதத்தையோ இரண்டு மாதத்தையோ பறித்துக்கொள்கிறார். தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் பறிபோவது அவளுடையது.

"அன்றே ஏன் சொல்லவில்லை?" இது அடுத்த கணை. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுவதும் பார்த்தால், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கோரியவர்கள் 14 விழுக்காடு மட்டுமே. அன்றே சொல்வதுதான் இயல்பு, பிறகு சொல்வது சூழ்ச்சி என்று எண்ணுவோர் இவ்வெண்களை ஒருமுறை நிதானித்து வாசிக்கட்டும். அடிபட்டவள் உடனே பேசுவதே அரிது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் அவன் கையில் இருக்கும். தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊர் வாய் இருக்கிறது. அடுத்த அடி விழுந்தபின் பழையவற்றையும் சேர்த்துச் சொல்கிறாள் என்றால், அப்போதுதான் அவளுக்குத் துணிவு வந்திருக்கிறது.

பொய்ப்புகார் பெருகுமே என்று அஞ்சுவோர்க்கும் ஒரு சொல். புகார் செய்வது தண்டனை ஆகாது. அவன் மறுக்கலாம், வழக்கறிஞர் வைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம், நடுவர் நம்பாவிட்டால் விடுதலை ஆவான். உத்தரவு எந்நாளில் அவனுக்குச் சேர்ப்பிக்கப்பட்டது, எந்நாளில் அவன் வந்தான் என்று நாள்களை வைத்துப் பேசும் வழக்கில் பொய் சொல்வது அவ்வளவு எளிதும் அன்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். "மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு இப்போது பழையதைக் கிளறலாமா?" என்று கேட்கும் பக்தியுள்ள சோதரர்கள் மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டதையும், ஆண்டவர் கணக்கற்ற முறை என்று விடையளித்ததையும் காட்டுகிறார்கள். காட்டட்டும். அதே அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னே இருப்பதையும் வாசிக்க வேண்டாமா? குற்றம் செய்த சகோதரனிடம் தனியே சொல். கேளாவிட்டால் ஒருவர் இருவரைச் சாட்சியாகக் கூட்டிச்செல். அதற்கும் செவிகொடாவிட்டால் திருச்சபையிடம் சொல் என்று படிப்படியாகப் புகார் செய்யும் முறையைக் கற்பிக்கிறார் இயேசு பெருமான். சற்றுப் பின்னே வருவதையும் வாசிக்க வேண்டாமா? பெருங்கடனை மன்னித்த அரசன், அந்தப் பணியாளன் வெளியே போய் உடன்பணியாளனின் கழுத்தைப் பிடித்தான் என்று கேள்விப்பட்டதும், "நான் மன்னித்துவிட்டேன், பழையதைப் பேசேன்" என்றானா? திரும்ப அழைத்தான், பழைய கணக்கையே மறுபடி விரித்தான். அவனுக்கு அச்செய்தியைச் சொன்னவர்கள் யார் தெரியுமா? கண்டு மனம் வருந்திய உடன்பணியாளர்கள். அவர்களை நற்செய்தி கோள்மூட்டிகள் என்று இகழவில்லை.

ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றி நம் பாட்டிமார் அறிந்திருந்தது இன்றைய மத்தியஸ்தர்களுக்கு மறந்துபோயிற்று. மனத்துயர், பாவசங்கீர்த்தனம், உத்தரிப்பு என்று மூன்றையும் ஒருசேரச் சொல்வார்கள். பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது. பாவம் விளைவித்த கேடுகள் அனைத்தையும் அது சரிசெய்துவிடுவதில்லை, ஈடு செய்தாக வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியின் 1459ஆம் எண் தரும் போதனை. திருடியவன் குருவானவரிடம் மன்னிப்புப் பெற்றபின் பொருளைத் தானே வைத்துக்கொள்ளலாமா? சக்கேயு நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று தானாக எழுந்து நின்று சொன்னான்; யாரும் அவனை நோக்கி, "வேண்டாம், பழையதை விடு" என்று தடுக்கவில்லை. உண்மையாகவே மனந்திரும்பிய கணவன் தான் மீறிய உத்தரவுக்காக நடுவர் முன் நின்று ஆம் என்று சொல்ல ஏன் அஞ்ச வேண்டும்? கேள்வியை அவனிடம் கேட்கலாமே. அவளிடமே ஏன் கேட்கிறோம்?

திருமண உறவு புனிதமானது, அதை முறிக்க முடியாது என்பதில் நமக்கு ஐயம் இல்லை. அந்த உறுதியோடுதான் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1153ஆம் சட்டத்தையும் வைத்திருக்கிறது. வாழ்க்கைத்துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ மனத்தளவிலோ பெருங்கேடு விளைவிப்பவரைப் பிரிந்து வாழ மற்றவருக்கு நியாயமான காரணம் உண்டு. தாமதித்தால் ஆபத்து என்றால் ஆயரின் ஆணைக்குக் காத்திராமல் தம் பொறுப்பிலேயே பிரியலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' மடலின் 241ஆம் எண்ணில், பிரிந்து வாழ்தல் சில சூழல்களில் தவிர்க்க முடியாதது, அறநெறிப்படி தேவையானதும்கூட என்று எழுதினார். இவற்றைத் திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் நாம் எத்தனை பேருக்குச் சொல்கிறோம்?

மேலும், பழையதை மூடிவைப்பதன் விலை என்னவென்று திருச்சபை தன் சொந்த உடலிலேயே பட்டு அறிந்திருக்கிறது. குருக்கள் சிலர் சிறாருக்கு இழைத்த கொடுமைகளை, "அது முடிந்துபோனது, அவரை இடம் மாற்றியாயிற்று" என்று சொல்லி மறைத்ததால் விளைந்ததை 2002 முதல் உலகமே கண்டது. அதன்பின்தான், 2019 மே 9 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை மடல், இத்தகைய செய்தி தம் அறிவுக்கு எட்டினால் மேலிடத்தில் தெரிவிப்பது குருக்கள், துறவியரின் கடமை என்று விதித்தது. தன் பணியாளர்கள்மீதே பழைய புகார்களைக் கேட்கக் கற்றுக்கொண்ட திருச்சபையின் மக்கள், ஒரு குடும்பத்தலைவன்மீது வரும் புகாரில் எட்டு மாதம் பழையது என்று முகம் திருப்புவது பொருந்துமா?

எல்லாப் பெண்களும் நீதிமன்றம் ஏறியே தீரவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. வேண்டாம் என்று முடிவுசெய்ய அவளுக்கு உரிமை உண்டு. அதற்குக் காரணம் கேட்கவும் நமக்கு உரிமை இல்லை. அவளுக்கு இருக்கும் வழியை இல்லை என்று சொல்லும் அதிகாரம் எவருக்கும் இல்லை என்பதே நம் வாதம்.

ஆகவே, சமாதானப் பத்திரம் எழுதும் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறோம். "இதற்கு முன் நடந்த எதையும் இனிப் பேசுவதில்லை, புகார் செய்வதில்லை" என்ற வரியை எழுதாதீர்கள். ஊர் மத்தியஸ்தத்தில் கையொப்பமிட்டு முடித்துவிடத்தக்க குற்றங்களின் பட்டியலில் இந்த மீறல் சேரவே இல்லை. அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பும் கிடையாது. அதை நம்பிப் பேசாமல் இருப்பவள் ஒருத்தி மட்டுமே. மனுவைத் திரும்பப் பெறுமுன் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. சட்டப் பணிகள் குழுவிடம் கேட்டால் வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.

புகார் எழுதுவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறோம். 2006ஆம் ஆண்டின் விதிகளில் 15ஆம் விதிப்படி, மீறலை அவள் எழுதிக் கையொப்பமிட்டுப் பாதுகாப்பு அலுவலரிடம் தரலாம். அவர் அதை உத்தரவின் நகலோடு நடுவருக்கு அனுப்ப வேண்டும். விரும்பினால் நேரே நடுவரிடமோ காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். பாதுகாப்பு அலுவலர் மாவட்டச் சமூகநலத் துறையில் இருக்கிறார். 181 என்ற எண்ணை அழைத்தாலும் வழிகாட்டுவார்கள். உத்தரவு நடப்பில் இல்லாவிட்டாலும் அதன் சான்றிட்ட நகலை நீதிமன்றத்திலிருந்து பெற்று இணைக்க வேண்டும். உத்தரவு எந்நாளிலிருந்து எந்நாள்வரை இருந்தது, அவனுக்கு எந்நாளில் தெரியவந்தது என்பதை முதலிலேயே எழுதிவிட்டால் நிலையத்துக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். உத்தரவு நீங்கியபின் விழுந்த அடியை மீறலோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது புதிய வன்முறை. அதற்குப் புதிய மனுவும், தேவையானால் புதிய உத்தரவும் உண்டு.

நம் தாய்மார் நாள்களை விழாக்களால் நினைவில் வைப்பவர்கள். "ஆடித்தபசுக்கு முந்தின ராத்திரி" என்று சொல்வார்கள். நாள்காட்டியைப் பார்த்து ஆங்கிலத் தேதியாக்கி எழுதித் தர அன்பியத்தில் எழுதப்படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை போதும். நாம் மேலே கற்பனை செய்த பெண்ணுக்கு அதை எழுத, அடுத்த ஆடித்தபசுக்கு முந்திய சில வாரங்களே எஞ்சியிருக்கின்றன.